ஆறவைத்து இறக்கிய ஆயில்

பவுன்ராஜின் பிக்கப் வண்டி முதன்முதலில் பேசியது ஓர் ஆயில் மாற்றும் நாளில். இருதயராஜின் ஒர்க்‌ஷாப் பள்ளத்துக்கு மேலே வண்டி நின்றது, கல்லாத்துப்பட்டி வண்டி ஸ்டாண்டில் பாதிப்பேர் சுற்றி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், ஆகவே அது உண்மையா பொய்யா என்ற விவாதம் அந்த ஊரில் நடக்கவே இல்லை. இருதயராஜ் வழக்கம்போல இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆயில் நன்றாகச் சூடேறி இளகியதும் பள்ளத்தில் இறங்கி அடிநட்டைக் கழற்றினார். கறுப்புக் கயிறுபோல ஆயில் இறங்கியது. இறங்கும்போதே அதிலிருந்து பவுன்ராஜின் குரல், தக்காளிப் பெட்டிகளைக் கூடுதலாக ஏற்றச் சொன்ன கமிஷன் கடைக்காரரைக் கெட்ட வார்த்தையில் திட்டியது. கமிஷன் கடைக்காரரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இத நீ என் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கலாமே பவுனு" என்றார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

கடைசிச் சொட்டு விழும்வரை யாரும் நகரவில்லை. வண்டியின் முன்பக்கத்தில் உட்கார்ந்து இரண்டரை மாதமாக யார் யார் என்ன பேசினார்களோ அத்தனையும், அவரவர் குரலிலேயே, இருமலும் கொட்டாவியும் உட்பட, ஆயிலோடு சேர்ந்து இறங்கியது. தட்டில் விழுந்து ஆறியதும் ஊமையாகிவிட்டது. இருதயராஜ் கொஞ்சத்தை ஒரு டப்பாவில் அள்ளி அடுப்பில் காட்டிப் பார்த்தார். சூடேறியதும் அது இரண்டு வார்த்தை முனகியது, அடுப்பை அணைத்ததும் நிறுத்திக்கொண்டது. சூடாக இருந்தால் பேசும், ஆறினால் பேசாது என்ற அளவுக்கு ஊர் தெரிந்துகொண்டது. ஏன் என்று கேட்க ஒருவருக்கும் அவகாசமில்லை, அது முருங்கை சீசன்.

முதல் கொஞ்ச நாள் பவுன்ராஜின் வண்டியில் ஏறியவர்கள் வாயைத் திறக்கவில்லை. கொத்தமல்லிக் கட்டுகளைப் பின்னால் ஏற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்த விவசாயிகள், பக்கத்திலிருப்பவனிடம் பீடிக்குத் தீப்பெட்டி கேட்பதற்குக் கூட சைகை காட்டினார்கள். பிறகு ஊர் இதிலும் ஒரு பிரயோசனத்தைக் கண்டுபிடித்தது. நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறவன், பெண் கொடுக்கிறவன், கிணற்றில் பங்கு பிரிக்கிறவன், ஆடு அடமானம் வைக்கிறவன் எல்லோரும் பவுன்ராஜைக் கூப்பிட்டு, "ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்ப்பா" என்று வண்டியில் ஏறி, பைபாஸ் வரை போய்த் திரும்பும் தூரத்துக்குள் பேச வேண்டியதைப் பேசி முடித்தார்கள். பின்னால் எவனாவது மாற்றிப் பேசினால், "ஆயில் மாத்துற அன்னைக்குப் பாப்போம்" என்று சொன்னால் போதும். ஆயில் மாற்றும் நாள் ஊரில் ஒரு விசேஷ நாளாகிவிட்டது. வழக்குள்ளவர்கள் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள். டீக்கடைக்காரர் அன்றைக்கு மட்டும் ஒரு தூக்கு பால் கூடுதலாக வாங்கினார். சாட்சி சொன்ன ஆயிலை விலைக்கு விற்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னதால், ஆறிய ஆயிலை எல்லைக்கருப்பு கோயிலுக்குக் கொண்டுபோய், அங்கே நட்டு வைத்திருக்கும் அரிவாள்களுக்குத் துருப்பிடிக்காமல் பூசினார்கள். பூசாரிக்கு எண்ணெய்ச் செலவு மிச்சம்.

இதிலெல்லாம் பவுன்ராஜுக்குக் கிடைத்தது கொஞ்சம் வாடகையும் நிறைய மரியாதையும். அதுவரை பெண்டாட்டியின் தோடு போய் வாங்கிய வண்டியை ஓட்டுகிற ஒரு டிரைவராக இருந்தவனை, இப்போது கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரச் சொன்னார்கள். அந்த வண்டியில் பொய் நிற்காது என்று ஊர் சொன்னதை, தன்னிடம் பொய் நிற்காது என்று சொன்னதாக அவன் எடுத்துக்கொண்டான். அப்படி எடுத்துக்கொள்வது சுலபமாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு முறைதான் தடம் மாறினான். ஆயில் கடைக்காரர் அவனைப் பிடித்து உட்காரவைத்து, நீ இன்னும் கலப்பு ஆயிலையே ஊற்றிக்கொண்டிருக்கிறாய், டீசல் வண்டிக்கு அது சீக்கிரம் கரி பிடித்துப்போகும், முழு சிந்தெடிக் ஊற்றினால் அதைப்போல இரண்டு மடங்கு தூரம் ஓடும், லோடு ஏற்றிக்கொண்டு மலையேறினாலும் இன்ஜின் சூடாகாது, விலை கூடத்தான், ஆனால் கணக்குப் பார்த்தால் கட்டுபடியாகும் என்று விளக்கினார். இருதயராஜும் ஆமாம் என்றார். பவுன்ராஜ் ஊற்றினான். வண்டி வெண்ணெய்போல ஓடியது. ஆனால் அடுத்த முறை நட்டைக் கழற்றியபோது ஆயில் ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியது. அந்த ஆயிலை நம்பிக் கிணற்றுப் பங்கு பேசியிருந்த அண்ணன் தம்பி இருவரும் அங்கேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், இன்றுவரை அந்தக் கிணறு கோர்ட்டில்தான் இருக்கிறது. "சிந்தெடிக்ல எதுவும் ஒட்டாது. அழுக்கும் ஒட்டாது, பேச்சும் ஒட்டாது" என்றார் இருதயராஜ். மறுபடியும் கலப்பு ஆயிலுக்கே வந்தான் பவுன்ராஜ். வண்டி கொஞ்சம் திணறினாலும் பரவாயில்லை, பேசுகிற வண்டிதான் வேண்டும் என்று ஸ்டாண்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். அதற்கும் ஒரு டீ கிடைத்தது.

ஊருக்கு வெளியே ஒரு நூல் மில் இருந்தது. கல்லாத்துப்பட்டியில் அந்த மில்லோடு சம்பந்தமில்லாத வீடு கிடையாது. ஒரு மகளாவது, ஒரு கொழுந்தியாளாவது, வாசல் காவலுக்கு ஒரு சித்தப்பனாவது அங்கே இருப்பார்கள். பவுன்ராஜ் வாரத்தில் இரண்டு நாள் அந்த மில் ஹாஸ்டல் சமையலுக்குக் காய்கறி கொண்டுபோய்ப் போடுவான். ஐப்பசி மாதத்தில் ஒரு மத்தியானம் கோஸ் மூட்டைகளை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பியபோது, மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார். பின்னாலேயே இரண்டு பெண்கள் தீபலட்சுமியைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பூ எடுக்கப் போகும் அங்கம்மாளின் ஒரே மகள் அவள். மில்லில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மெஷினில் ஷாக் அடித்து விழுந்ததில் பின்மண்டை அடிபட்டிருந்தது. ரத்தம் அதிகமில்லை. அவளை நடுவில் உட்காரவைத்துவிட்டு, மேனேஜர் கதவோரம் ஏறிக்கொண்டார்.

அரசாங்க ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே போனால் கேஸாகிவிடும் என்று மேனேஜர் பைபாஸில் போகச் சொன்னார், தெரிந்த டாக்டர் ஒருவர் திண்டுக்கல்லைத் தாண்டி இருப்பதாகச் சொன்னார். அந்தப் பெண் வழியெல்லாம் அந்த மெஷினைப் பற்றியே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். தண்ணீர் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. டோல்கேட்டைத் தாண்டியபோது அவள் தலை பவுன்ராஜின் தோளில் சாய்ந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து, கியர் மாற்றும்போதுகூட தோளை ஆட்டாமல் ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வண்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, இறக்க வேண்டாம் என்றார். பிறகு அந்த டாக்டர் எழுதித் தந்த காகிதத்தில், அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சில் கோளாறு என்று எழுதியிருந்தது.

மேனேஜர் வெளியூர்க்காரர். வண்டி பேசுகிறது என்று மில்லில் யாராவது சொன்னால், வேலை நேரத்தில் கதை பேசக் கூடாது என்பார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை கொண்டுவந்தவர், பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் அடுத்த ஆயில் மாற்றம் எப்போது என்று பவுன்ராஜிடம் விசாரிப்பதைக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார். மாலையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டார்.

அன்றைக்கு அங்கம்மாளும் வந்து அவன் முன்னால் நின்றாள். அழுது முடித்திருந்தாள்.

"தம்பி, எம்மகளுக்கு நெஞ்சுல ஒரு நோக்காடும் கெடையாது. மூட்டையத் தூக்கிக்கிட்டு மலையேறுன புள்ள. உன் வண்டியிலதான் அவ கடைசியாப் பேசியிருக்கா. ஆயிலு எப்ப மாத்துவ?"

தை பிறந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை என்று பவுன்ராஜ் சொன்னான். அப்போது அவன் அதை மனதாரத்தான் சொன்னான். சில பேர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அங்கம்மாள் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

மார்கழியில் மேனேஜர் பவுன்ராஜின் வீட்டுக்கே வந்தார். வீடு என்றால் தகரம் போட்ட வாடகை வீடு. பக்கத்தில் அஸ்திவாரம் போட்டு, ஜன்னல் உயரத்துக்குச் சுவர் எழுப்பி, மூன்று வருஷமாகப் புல் முளைத்துக் கிடந்த சொந்த மனையை அவர் நின்று பார்த்தார். வந்ததற்குக் காரணமென்று அவர் எதையும் சொல்லவில்லை. கையில் ஒரு ஆயில் கேன் இருந்தது. முழு சிந்தெடிக், வெளிநாட்டுச் சரக்கு, கடையில் கிடைக்காது.

"மில்லோட நூல் கோன் லோடு முழுக்க இனிமே உனக்குத்தான்னு எழுதியாச்சு பவுன்ராஜ். தூரமான ஓட்டம். உன் வண்டிக்கு அந்த சாதா ஆயில் தாங்காது. இத ஊத்திக்க. இன்ஜினுக்கு நல்லது."

பவுன்ராஜ் அந்தக் கேனை இரண்டு வாரம் கட்டிலுக்கடியில் வைத்திருந்தான். பெண்டாட்டி விஜயராணி பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் இடித்தது. ஒவ்வொரு முறையும், "இது என்னத்துக்குங்க இங்க கெடக்கு?" என்று கேட்டாள். இன்ஜினுக்கு நல்லது என்று சொன்னான். அது பொய்யில்லை. அந்த இரண்டு வாரமும் அவன் தனக்குள் யோசித்ததெல்லாம் இன்ஜினைப் பற்றித்தான் என்று பிறகு தன்னையே நம்பவைத்துக்கொண்டான். கலப்பு ஆயில் கரி பிடிக்கும். சிந்தெடிக் பிடிக்காது. கலப்பு ஆயில் கோடைக்கு இளகிப்போகும். சிந்தெடிக் இளகாது. தூர ஓட்டத்துக்கு எது நல்லது என்று யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். செத்த பெண் இனி வரப்போவதில்லை, சுவரோ ஜன்னல் உயரத்தில் நிற்கிறது. இந்த இரண்டையும் அவன் ஒன்றாக வைத்து யோசிக்கவில்லை. அடுத்தடுத்துதான் யோசித்தான்.

பொங்கலுக்கு மறுநாள், ஸ்டாண்டில் ஒருவரும் இல்லாத மாட்டுப்பொங்கல் காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் நியூட்ரலில் போட்டு, சரிவிலேயே உருட்டி ஒர்க்‌ஷாப்புக்குள் கொண்டுவந்தான். இருதயராஜ் பூசைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஆயில எறக்கணும்ணே. இன்ஜின் ஓட வேணாம். அப்படியே எறக்குங்க."

"ஆறுன ஆயிலு எறங்காதுடா. கூழு மாதிரி நிக்கும்."

"நிக்கட்டும்ணே. நான் இருக்கேன்."

இருதயராஜ் கேனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "வண்டிக்காக யோசிக்கிறவன் எவனும் ஆறவச்சு எறக்கச் சொல்ல மாட்டான்" என்றார். பிறகு பூசைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். அவருடைய தங்கச்சி மகன் மில்லில் எலெக்ட்ரீசியன். அந்த மெஷினைப் பற்றி அவனுக்கும் முன்பே தெரியும். அதை அவர் சொல்லவில்லை, பவுன்ராஜும் கேட்கவில்லை.

ஆயில் வெகுநேரம், தயங்கித் தயங்கி, ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியது. ஒரே ஒரு இடத்தில், இன்ஜினின் ஏதோ மூலையில் முந்தின நாள் சூடு மிச்சமிருந்ததோ என்னவோ, ஒரு பெண் மூச்சிழுப்பதுபோல் கேட்டது. பவுன்ராஜ் ரேடியோவைப் போட்டான். புது ஆயிலை ஊற்றி இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டார்கள். உள்ளே மூலைமுடுக்கில் ஒட்டியிருப்பதையும் சிந்தெடிக் கழுவிக்கொண்டு வந்துவிடும் என்பதால், அதையும் ஆறவைத்து இறக்கி, கேனில் மிச்சமிருந்ததை மறுபடி ஊற்றினார்கள். பழைய ஆயிலைக் கோயிலுக்குக் கொண்டுபோனால் பூசாரி கேட்பார், சாக்கடையில் ஊற்றினால் தெருவே பார்க்கும். இருதயராஜ் மூலையிலிருந்த பேரலைக் காட்டினார். ஊர் வண்டிகளின் கழிவு ஆயில் எல்லாம் அதில்தான் சேரும். பவுன்ராஜ் தன் கையாலேயே தூக்கி அதில் ஊற்றினான். பேரல் என்றால் பல வண்டி, பல ஆயில். அதற்குள் போனால் போனதுதான் என்று நினைத்தான்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அங்கம்மாள் தலைக்குக் குளித்து, மகளின் போட்டோவை ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டாண்டு நிறைந்திருந்தது. பவுன்ராஜ் தயாராக வைத்திருந்ததைச் சொன்னான். டெம்பரேச்சர் முள் ஏறிக்கொண்டே போனது, இன்ஜின் சீஸாகிவிடும் போலிருந்தது, அவசரத்துக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. நம்பிக்கைக்கு ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்துக் காட்டினான். துணியில் தேன் நிறத்தில் ஒரு கறை. அங்கம்மாள் குனிந்து அதை மோந்து பார்த்தாள்.

"பழசு எங்கய்யா?"

"கீழ போயிருச்சுக்கா."

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லோரும் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் மில் பஸ் இரண்டாம் ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஸ்டாண்டைக் கடந்துபோனது. அதற்குள்ளிருந்து நாலைந்து பேர் தங்கள் அப்பன்மாரைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவர்களும் கையசைத்தார்கள். அங்கம்மாள் மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூக்காட்டுக்குப் போனாள். அன்றைக்கு அரைநாள் கூலியாவது தேறும். கோயில் அரிவாள்களுக்கு ஆயில் வரவில்லையே என்று பூசாரி ஒரு தடவை கேட்டார். அப்புறம் தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொண்டார்.

மாசியில் பவுன்ராஜின் சுவர் ஜன்னலைத் தாண்டி எழும்பியது. தளம் போட, ஊரிலேயே பேர்பெற்ற சென்ட்ரிங் காசிமாயனைப் பிடித்தான். எந்த ஊர் சென்ட்ரிங்காரரும் செய்வதையே காசிமாயனும் செய்தார். முட்டு கொடுத்து, தகடு பரப்பி, கான்கிரீட் தகட்டில் ஒட்டாமல் பிரிந்து வருவதற்காக அதன்மேல் கழிவு ஆயிலைப் பூசினார். கழிவு ஆயிலை அவர் எப்போதும் வாங்குவது இருதயராஜின் பேரலில். அந்த மாதம் பேரலில் மேலாக நின்றது எந்த வண்டி ஆயில் என்று அவருக்குத் தெரியாது. இருதயராஜ் அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் இல்லை. பவுன்ராஜ் கோன் லோடோடு வெளியூரில் இருந்தான். துணியை முக்கித் தகடு தகடாகத் துடைத்துப் பூசிவிட்டு, கம்பி கட்டி, நல்ல நேரம் பார்த்துக் கான்கிரீட் போட்டார்கள். பாயாசம் வைத்து விஜயராணி வேலையாட்களுக்குக் கொடுத்தாள். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். தண்ணீர் நின்றவரை தளம் குளிர்ந்து கிடந்தது.

சித்திரை பிறந்ததும் பாத்தியை உடைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத் தகட்டைப் பிரித்தார்கள். ஒன்றுகூட ஒட்டவில்லை. தளம் கண்ணாடிபோல வந்திருந்தது. காசிமாயன் அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "அறுபது வருஷத்துக்கு அசையாது மாப்ள. உன் பேரன் காலத்துலயும் நிக்கும்" என்றார். வெயில் உச்சிக்கு வந்தது. வேலையாட்கள் தளத்துக்குக் கீழேயே நிழலில் உட்கார்ந்து, பவுன்ராஜ் வாங்கிவந்த சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். அப்போது தலைக்குமேல் இன்ஜின் ஓடுவதுபோல ஒரு அதிர்வு கேட்டது. யாரோ கோஸ் மூட்டையை எண்ணினார்கள். பிறகு ஒரு பெண் குரல்.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி."

"நீ பைபாஸ்ல போ. பெரியாஸ்பத்திரி வேணாம், கேஸாயிரும்."

"சரிங்க சார்."

"நேத்தே சொன்னேன் சார், அந்த மெஷினு ஷாக் அடிக்குதுன்னு. நீங்கதான் ஓட்டச் சொன்னீக."

"பேசாம வா. இந்தாப்பா, தண்ணி கிண்ணி குடுக்க வேணாம், வண்டிய நிறுத்தாத. யாரும் கேட்டா, வீட்டுலேர்ந்து வரும்போதே மயக்கமா இருந்துச்சுன்னு சொல்லு."

"சரிங்க சார்."

மேனேஜர் சொன்னது பவுன்ராஜுக்கு நினைவிருந்தது. அந்தப் பெண் சொன்னதும் நினைவிருந்தது. இத்தனை நாள் அவன் பயந்ததெல்லாம் அந்த இரண்டு குரல்களுக்குத்தான். மூன்றாவதாக ஒரு குரல் அங்கே இருந்ததை அவன் சுத்தமாக மறந்திருந்தான். அது இவ்வளவு பணிவாக, இவ்வளவு தெளிவாக, யோசிக்கவே நேரமெடுத்துக்கொள்ளாமல் பேசும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

வேலையாட்கள் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். காசிமாயன் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டே, "பூச்சு பூசுனா சரியாயிரும்" என்றார். விஜயராணி கையில் மோர்ச் செம்போடு நின்றிருந்தாள்.

"தண்ணி பாட்டிலு கதவு ஓரத்துல எப்பவும் இருக்குமேங்க. நான்தான ரொப்பி வைப்பேன்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் மோரை ஊற்றப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் அவனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை, அவனாக எடுத்துக் குடித்தால் தடுத்ததுமில்லை.

பூச்சு பூசியும் சரியாகவில்லை. வெள்ளையடித்தும் சரியாகவில்லை. வெயில் ஏறும் ஒவ்வொரு மத்தியானமும் தளம் அந்தப் பயணத்தை முதலிலிருந்து கடைசிவரை பேசியது. தெருவே கேட்டது. விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கண்கூட கலங்கினார். தளத்தைக் கூண்டில் ஏற்ற முடியாது, தளம் கையெழுத்துப் போடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் வேறு ஊர் மில்லுக்கு மாற்றலாகிப் போனார். புது மேனேஜர் வந்து, கோன் லோடு பவுன்ராஜுக்கே தொடரும் என்றார். ஊர் இதற்கும் பழகியது. கிரகப்பிரவேசத்தைத் தளம் ஆறிய சாயங்காலத்தில் வைத்தார்கள், எல்லோரும் வந்து சாப்பிட்டு மொய் எழுதினார்கள். அக்கம்பக்கத்தார் மத்தியானம் அந்தக் குரல்கள் ஆரம்பித்ததும் டிவியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள், முடிந்ததும் குறைத்தார்கள். தெருப் பிள்ளைகள் வண்டி விளையாட்டு விளையாடியபோது, டிரைவராக உட்காருகிறவன் "சரிங்க சார்" என்று சொல்ல வேண்டும் என்பது ஆட்டத்தின் விதியானது. அதில் அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. டிரைவர் என்றால் அப்படித்தான் பேசுவான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கேள்விப்பட்டு அங்கம்மாளும் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் கேட்காமல் கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தாள். விஜயராணி பாய் விரித்தாள். அங்கம்மாள் அண்ணாந்து பார்த்தபடியே முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் அவள் பவுன்ராஜைத் திட்டுவாள், மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று தெரு எதிர்பார்த்து வாசலில் நின்றது. அவள் புடவையை உதறிக்கொண்டு எழுந்து, "நாளைக்கும் வரலாமா தாயி?" என்று விஜயராணியிடம் கேட்டாள். விஜயராணி வாங்கம்மா என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். காலையில் பூ எடுத்து முடித்து, விரல் நகத்தில் மல்லிகைக் காம்பின் பச்சைக் கறையோடு நேராக வந்து உட்காருவாள். மகள் பேசும்போது உம் கொட்டுவாள். சில நாள், "ஆமாடி, சொன்னியேடி" என்பாள்.

பவுன்ராஜுக்கு அந்த உம் தாங்கவில்லை. தண்ணீர் நின்றவரை தளம் ஊமையாக இருந்தது அவன் நினைவுக்கு வந்தது. ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தரம் வருகிற கோடை அது. அவன் மில் போர்வெல்லிலிருந்து டிரம் டிரம்மாகத் தண்ணீர் பிடித்து, சத்தமே போடாமல் வெண்ணெய்போல ஓடும் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால் வாளி வாளியாக மொட்டைமாடியில் ஊற்றினான். தளம் குளிர்ந்தது. கீழே அங்கம்மாள் மத்தியானம் முழுவதும் அண்ணாந்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவளுக்குப் புரிந்துவிட்டது. கூடத்திலிருந்து எழுந்து முற்றத்துக்கு வந்து, கையை நெற்றிக்கு மறைப்பாக வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"தம்பி."

அவன் வாளியோடு திரும்பினான்.

"அன்னைக்குக் குடுக்காத தண்ணிய இப்ப எதுக்குய்யா ஊத்துற? பேசட்டும் விடு."

சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். விஜயராணி வாசற்படியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏற்கனவே ஊற்றியிருந்த தண்ணீர் அவன் காலைச் சுற்றிச் சுருங்கிக் காய்ந்தது. பவுன்ராஜின் உள்ளங்கால் சுட ஆரம்பித்தது, வாளியின் கைப்பிடி விரலை அறுத்தது. ஊற்றவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. காலுக்கடியில் இன்ஜின் அதிர்ந்தது. அண்ணே, கொஞ்சம் தண்ணி என்று அந்தப் பெண் கேட்டாள். கீழே அவள் அம்மா உம் கொட்டினாள். பைபாஸில் போகச் சொன்னது மேனேஜரின் குரல். நிறைந்த வாளியோடு நின்றவன், அடுத்து வரப்போவது என்ன என்று தெரிந்தும், வேறு ஏதாவது வந்துவிடாதா என்று காத்திருந்தான்.

"சரிங்க சார்" என்றது தளம்.